மைனஸ் ஆறா, மைனஸ் எட்டா: ஒரு சுரண்டல் லாட்டரியின் கதை

2007 நவம்பர் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு சுரண்டல் லாட்டரியை, விற்பனைக்கு விட்ட அந்த வாரத்திலேயே கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். −6 பெரியதா −8 பெரியதா என்பதில் கார்டு வாங்கியவர்களுக்கும் கார்டை விட்ட நிறுவனத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணம். செய்தி வெளியானதும் ஊரே சிரித்தது, இன்றைக்கும் மக்களுக்குக் கணக்கு வராது என்பதற்கு உதாரணமாக அதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் முழு உடன்பாடு இல்லை. அவர்கள் சொன்ன விடை தப்புத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

முதலில் கார்டைப் பற்றி. பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994இல் தொடங்கியது, நடத்தியது கேம்லாட் என்ற தனியார் நிறுவனம். அடுத்த ஆண்டே சுரண்டல் கார்டுகளும் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியையே தடை செய்துவிட்டதால் இளையவர்கள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்: வெள்ளிப் பூச்சு பூசிய சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், நாணயத்தால் சுரண்டினால் உள்ளே இருப்பது தெரியும். பரிசு உண்டா இல்லையா என்பது அச்சாகும்போதே முடிவான விஷயம். நாம் சுரண்டுவது அதைத் தெரிந்துகொள்ள மட்டும்தான். கடைக்காரர் கார்டை இயந்திரத்தில் ஸ்கேன் செய்தால் அது சொல்வதே கடைசித் தீர்ப்பு. பெட்ரோல் பங்கு, சூப்பர் மார்க்கெட், லண்டனில் நம்மவர்கள் நடத்தும் தெருமுனைக் கடைகள் என்று எங்கே போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் இந்தக் கார்டுகள் அடுக்கி இருக்கும். அப்போது பதினாறு வயதானாலே வாங்கலாம்.

2007 குளிர்காலத்துக்கு என்று கேம்லாட் விட்ட கார்டின் பெயர் கூல் கேஷ். குளிர்காலம் என்பதால் விளையாட்டையும் வெப்பநிலையை வைத்தே அமைத்திருந்தார்கள். கார்டில் ஒரு வெப்பநிலை வெளிப்படையாக அச்சாகியிருக்கும், கட்டத்தைச் சுரண்டினால் அதைவிடக் குறைந்த வெப்பநிலை வர வேண்டும், வந்தால் பரிசு. பெரும்பாலான எண்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே. யோசனை சொன்னவருக்கு இது ரொம்ப எளிதான, அழகான விளையாட்டாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பனி, குளிர், மைனஸ் டிகிரி, எல்லாம் பொருத்தமாகத்தானே இருக்கிறது.

முதல் நாளிலேயே டஜன் கணக்கில் புகார்கள் வந்தன. அதில் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு இளம்பெண் பத்திரிகையிடம் சொன்னதுதான் உலகம் சுற்றியது. அவருடைய கார்டில் இருந்தது −8. சுரண்டியதில் வந்தவை −6, −7. இரண்டுமே எட்டைவிடக் குறைவு, ஆகப் பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்தார். கடையில் இருந்த பெண்ணும் அப்படியே நினைத்தார். இயந்திரம் மட்டும் இல்லை என்றது. கேம்லாட்டுக்குப் போன் போட்டார், −6 என்பது −8ஐவிட அதிகம் என்று அங்கே விளக்கினார்கள், அவர் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை, ஏதோ சாக்குச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார்.

கடைக்காரப் பெண்ணும் அப்படியே நினைத்தார் என்பதைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தினமும் காசு எண்ணி, சில்லறை கொடுத்து, கல்லாவைக் கணக்குப் பார்த்து மூடுகிற ஒருவர் அவர். பணக் கணக்கில் அவரை யாரும் அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே கார்டைப் பார்த்து ஒரே தப்பான முடிவுக்கு வருகிறார்கள் என்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை, கார்டிலும் இருக்கிறது.

எப்படி என்று பார்க்கலாம். மைனஸ் குறியைக் கண்டுகொள்ளாமல் எண்ணை மட்டும் பார்க்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டில் −8, கட்டத்தில் −6. உண்மையில் இது பரிசு இல்லாத கார்டு, ஏனென்றால் −6 டிகிரி −8 டிகிரியைவிட வெப்பம் கூடியது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது எட்டும் ஆறும்தான், ஆறு எட்டைவிடக் குறைவு, ஆக ஜெயித்தாயிற்று. சரி, இதையே எல்லாக் கார்டுக்கும் போட்டுப் பாருங்கள். எண்கள் எல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழே என்றால், குறியை விட்டுவிட்டுப் படிப்பவருக்கு ஒவ்வொரு ஒப்பீடும் அப்படியே தலைகீழாகிவிடும், எங்கேயாவது ஒரு இடத்தில் தடுக்கி விழுந்து சந்தேகப்படக்கூட வாய்ப்பில்லை. எந்த லாட்டரியிலும் பரிசு இல்லாத கார்டுகள்தான் அதிகம். அந்தப் பரிசு இல்லாத கார்டுகள் எல்லாம் அவருக்குப் பரிசு விழுந்த கார்டுகளாகத் தெரியும். முதல் நாளே புகார் குவியாமல் என்ன செய்யும்?

மறுபக்கம் இன்னும் மோசம். −8 கார்டில் −10 வந்தால் நிஜமாகவே பரிசு. குறியைப் பார்க்காதவருக்குப் பத்து எட்டைவிட அதிகம், ஆகத் தோல்வி. மற்ற கட்டத்திலும் அதே மாதிரி வந்திருந்தால் கார்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போயிருப்பார், இயந்திரத்திடம் காட்டியிருக்கவே மாட்டார். அப்படி யாராவது இருந்தால் அவர் புகாரும் கொடுத்திருக்க மாட்டார். ஆக நிறுவனத்துக்குத் தெரிய வந்தது பாதிக் குழப்பம்தான். மீதிப் பாதிக்குப் போன் வர வழியே இல்லை.

அந்த மான்செஸ்டர் பெண் இன்னொன்றும் சொன்னார், என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் யார் சொன்னதையும்விட அதுதான் முக்கியமானது. அதிகக் குளிர், குறைந்த குளிர் என்று கார்டு கேட்கவில்லை, குறைந்த எண் எது என்றுதான் கேட்கிறது என்றார். வாதம் தோற்றுப்போகிற வாதம்தான், குறைந்த எண் என்றாலும் −8தான் குறைந்தது. ஆனால் இந்தப் பேச்சிலேயே ஒரு விஷயம் வெளிப்படுகிறது: −6, −8 இரண்டில் எது அதிகக் குளிர் என்று கேட்டிருந்தால் அவருக்கு விடை தெரிந்திருக்கும். மான்செஸ்டரில் குளிர்காலம் கழித்தவருக்கு, தினம் வானிலை அறிக்கை கேட்பவருக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்த அந்த விஷயமும் கார்டில் இருந்த எண்ணும் அவர் மனதில் ஒன்றோடொன்று சேரவில்லை.

எண்ணுக்கு இரண்டு குணம் உண்டு. பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஒன்று. எண்கோட்டில் எந்த இடம் என்பது மற்றொன்று. பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும் வரைக்கும் இந்த இரண்டும் ஒன்றாகவே போகும், எட்டு ஆறைவிடத் தூரமும் அதிகம், இடத்திலும் மேலே. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே வராது. பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழே இறங்கியதும் இரண்டும் எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன. −8க்குப் பூஜ்ஜியத்திலிருந்து தூரம் அதிகம், இடமோ −6க்குக் கீழே. அந்தப் பெண் தூரத்தை ஒப்பிட்டார். கணிதத்தில் அதற்கு மட்டு மதிப்பு என்று பெயரே இருக்கிறது, இரண்டு பக்கமும் செங்குத்துக் கோடு போட்டு எழுதுவோமே, அதுதான். −6இன் மட்டு மதிப்பு −8இன் மட்டு மதிப்பைவிடக் குறைவு என்பது நூற்றுக்கு நூறு சரி. கார்டு கேட்டது இடத்தை.

அன்றாட வாழ்க்கையில் நாம் பெரும்பாலும் தூரத்தைத்தான் ஒப்பிடுகிறோம் என்பது இதில் இன்னொரு சிக்கல். கண்ணாடிக் கடையில் போய்ப் பாருங்கள். பையனுக்குப் போன வருடம் −2, இந்த வருடம் −3.5 என்றால் அம்மா என்ன சொல்வார்? பவர் கூடிவிட்டது என்றுதான். கடைக்காரரும் டாக்டரும் அதையேதான் சொல்வார்கள். கணிதப்படி எண் குறைந்திருக்கிறது, ஆனால் ‘பவர் குறைந்திருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் பையனுக்குக் கண் தேறிவிட்டது என்றுதான் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அங்கே தூரத்தை ஒப்பிடுவதுதான் சரி, ஏனென்றால் கண்ணாடி எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

எலும்பு அடர்த்திப் பரிசோதனை அறிக்கையில் நேர் எதிர். டி ஸ்கோர் என்று ஒரு எண் கொடுப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி −2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை, −1க்கும் −2.5க்கும் நடுவே என்றால் எலும்பு மெலிவு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருவர் −3.1 என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, போன தடவை 2.6, இப்போது 3.1, ஏறியிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தால் யார் அவரைக் குறை சொல்ல முடியும்? மைனஸ் குறி அந்தத் தாளில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். லாட்டரி கார்டில் போனால் ஒரு கார்டுக் காசு போகும். இங்கே மாத்திரை தள்ளிப்போகும்.

சரி, கேம்லாட்டில் போனை எடுத்தவர் எப்படி விளக்கியிருந்தால் எடுபட்டிருக்கும்? −6 என்பது −8ஐவிட அதிகம் என்று மறுபடி மறுபடி சொல்வதில் பயன் இல்லை, அவர் ஏற்க மறுப்பதே அதைத்தானே. நம்மூரில் மைனஸ் எண் என்றதும் ஆசிரியர்கள் கடனை எடுத்துக்கொள்வார்கள், அதற்கு நீண்ட பாரம்பரியமும் உண்டு. பிரம்மகுப்தர் 628இலேயே நேர் எண்ணைச் செல்வம் என்றும் எதிர் எண்ணைக் கடன் என்றும் வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை எழுதிவிட்டார். கூட்டிக் கழிப்பதற்குக் கடன் உதாரணம் அருமையானது. ஆனால் எது பெரியது என்று ஒப்பிடுவதற்கு அது காலை வாரிவிடும். எட்டாயிரம் கடன் உள்ளவருக்கு ஆறாயிரம் கடன் உள்ளவரைவிட என்ன இருக்கிறது? அதிகக் கடன். கேட்ட மாத்திரத்தில் வாயில் வருவது ‘அதிகம்’. எந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போனோமோ அதே குழப்பத்தில் மறுபடி கொண்டுபோய் விட்டுவிடும். அதைவிடக் கிணற்றுப் படி மேல். தரைமட்டம் பூஜ்ஜியம், உள்ளே ஆறாவது படியில் ஒருவர், எட்டாவது படியில் ஒருவர், யார் கீழே இருக்கிறார்? இதற்கு யாரும் தப்பாகப் பதில் சொல்ல மாட்டார்கள். இடத்தைக் கேட்டால் இடம்தான் பதிலாக வரும்.

‘முதலை வாய்’ சமாச்சாரமும் இப்படித்தான். < , > குறிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலைக்குப் பசி, பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும் என்பார்கள், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் குறிகள் முதன்முதலில் அச்சேறியது ஆங்கிலேயக் கணிதர் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்து பத்தாண்டு கழித்து 1631இல். குறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நினைவில் வைக்க முதலை உதவும், எது பெரியது என்பதை அது சொல்லித்தராது. −6, −8 என்று எழுதிக் கொடுத்தால் குழந்தையின் முதலை எட்டைப் பார்த்து வாயைப் பிளக்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முழுக்கள், அதாவது மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்கள், ஆறாம் வகுப்பில் வருகின்றன, அதற்குள் அந்த முதலைக்கு நாலைந்து வருடப் பழக்கம் ஏறியிருக்கும்.

இதெல்லாம் படிக்காதவர்களின் குழப்பம் என்று நினைத்தால் பழைய கணிதர்களைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் வாலிஸ், முடிவிலிக்கு ∞ என்ற குறியைக் கொடுத்தவர், சாதாரண ஆள் இல்லை. ஒரு எண்ணைச் சின்ன எண்ணால் வகுக்க வகுக்க விடை பெருகிக்கொண்டே போகிறது, பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி, அப்படியானால் பூஜ்ஜியத்தைவிடச் சிறிய எண்ணால் வகுத்தால் முடிவிலியையும் தாண்ட வேண்டுமே என்று போய்விட்டார். அதே வாலிஸ்தான் 1685இல், ஒரு ஆள் ஐந்து கஜம் முன்னே நடந்து எட்டுக் கஜம் பின்னே வந்தால் தொடங்கிய இடத்துக்கு மூன்று கஜம் பின்னால் நிற்பார் என்று எதிர் எண்ணைக் கோட்டின் மேல் வைத்தும் காட்டினார். பிரான்சில் அந்துவான் ஆர்னோ இன்னொரு கேள்வி கேட்டார்: −1க்கும் 1க்கும் உள்ள விகிதம் 1க்கும் −1க்கும் உள்ள விகிதத்துக்குச் சமம் என்கிறீர்கள், சிறியது பெரியதற்கு எப்படியோ அப்படியே பெரியது சிறியதற்கு இருக்க முடியுமா? நல்ல கேள்வி. லண்டனில் ஃபிரான்சிஸ் மசேரஸ் என்பவர் 1758இல் எதிர் எண்களையே இயற்கணிதத்திலிருந்து கழற்றிவிட வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். கூல் கேஷ் வந்தது அதற்கு இருநூற்றைம்பது வருடம் கழித்துத்தான்.

வெப்பநிலை அளவுகோலிலும் ஒரு வேடிக்கை உண்டு. சுவீடன்காரர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் வகுத்த அளவில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. இன்றைய அளவுக்கு அப்படியே தலைகீழ். அந்த அளவில் குளிர் ஏற ஏற எண்ணும் ஏறும், சுவீடன் குளிர்காலத்தில் எத்தனை குளிர் அடித்தாலும் மைனஸ் போட வேண்டியதில்லை. 1744இல் அவர் இறந்த பிறகு சுவீடனில் அதைப் புரட்டிவிட்டார்கள். புரட்டாமல் விட்டிருந்தால் கேம்லாட்டுக்கு 108, 106 என்று அச்சடிக்க வேண்டி வந்திருக்கும், ஒரு புகாரும் வந்திருக்காது.

கேம்லாட் செய்தது சரியா? கணக்கில் அவர்கள் பக்கம் சரி. சிலருக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு கார்டைத் திரும்ப எடுத்ததும் சரியான முடிவுதான், வாதாடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கடையிலும் தகராறு நடந்திருக்கும். நான் குறை சொல்வது அதற்கு முந்தைய கட்டத்தை. 2003இல் இங்கிலாந்தில் அரசு எடுத்த அடிப்படைத் திறன் கணக்கெடுப்பில், பதினாறிலிருந்து அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், சுமார் ஒன்றரைக் கோடிப் பேர், எண்ணறிவில் ஆரம்பநிலைக்கு மேல் தேறவில்லை என்று தெரியவந்திருந்தது. யாரிடம் விற்கப்போகிறோம் என்பது நான்கு வருடம் முன்பே வெளியான விஷயம். அச்சடிப்பதற்கு முன் பத்துப் பேரிடம் கொடுத்து, சுரண்டிவிட்டு ஜெயித்ததா தோற்றதா என்று சொல்லச் சொல்லியிருந்தாலே போதும். கார்டின் ஓரத்தில் ஒரு தெர்மாமீட்டர் படம், மேலே சூரியன், கீழே பனிமனிதன், ‘இதைவிடக் குளிராக இருந்தால் பரிசு’ என்று ஒரு வரி. விளையாட்டு அதேதான், எண்களும் அதேதான்.

இதற்குச் சொந்தக்காரக் குழப்பங்களும் உண்டு, நீட்டிக்காமல் சொல்கிறேன். 1980களில் அமெரிக்காவில் ஏ அண்ட் டபிள்யூ உணவகங்கள் மூன்றில் ஒரு பவுண்டு இறைச்சி வைத்த பர்கரை, மெக்டொனால்ட்ஸின் கால் பவுண்டு பர்கர் விலைக்கே விற்றன, எடுபடவில்லை. விசாரித்தபோது, நாலைவிட மூன்று சிறியதுதானே, எதற்கு அதே காசு என்று பாதிப் பேருக்கு மேல் நினைத்ததாகத் தெரிந்தது என்று அப்போதைய உரிமையாளர் ஆல்ஃப்ரட் டாப்மன் பின்னாளில் எழுதினார். 2024இல் 9.11 பெரியதா 9.9 பெரியதா என்று கேட்டதற்குச் சாட்ஜிபிடி போன்ற செயலிகளே 9.11 என்று சொல்லி மாட்டிக்கொண்டன. மூன்று இடத்திலும் எண்ணிப் பழகிய எண்களின் விதியை, அது செல்லாத இடத்துக்குக் கொண்டுபோனதுதான் நடந்திருக்கிறது. ஆனால் பின்னத்திலும் தசமத்திலும் கேள்வி ஒன்றுதான், விடைதான் தப்பு. மைனஸில் மட்டும்தான் இரண்டு கேள்விகள் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன.

குளிர்பதனக் கிடங்குகளில் இதைச் சமாளிக்கும் விதம் எளிது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உறைய வைத்த உணவு −18 டிகிரியில் அல்லது அதைவிடக் குளிராக இருக்க வேண்டும். ‘−18ஐத் தாண்டக் கூடாது’ என்று மட்டும் சுவரில் எழுதி வைத்தால் இரவு வேலைக்கு வந்தவர் −22ஐப் பார்த்துப் பதறுவார், −15ஐப் பார்த்து நிம்மதியாக உட்காருவார். கொரோனா தடுப்பூசிகள் வந்தபோது, −70 அருகில் வைக்க வேண்டியது ஒன்று, −20 அருகில் வைக்க வேண்டியது ஒன்று என்று குளிர்நிலை தடுப்பூசிக்குத் தடுப்பூசி வேறுபட்டது. அவற்றுக்கெல்லாம் இதிலிருந்து இதுவரை என்று இரண்டு எல்லை எண்களைத்தான் கொடுத்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே முள் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். குறியைக் கவனிக்காமல் எண்களை மட்டும் பார்ப்பவருக்கும் அதே பதில்தான் கிடைக்கும், ஏனென்றால் தலைகீழாகத் திருப்பினாலும் நடு நடுவாகத்தான் இருக்கும்.